சொல்லியனுப்பிய ஸலாம்

உத்திரமேரூர்ப் பள்ளிவாசல் தெருவிலிருந்து யார் மக்கா, மதினாவுக்கு உம்ராப் பயணம் கிளம்பினாலும் தவுலத் பீ முதல் ஆளாகப் போய் நிற்பாள். இடியாப்பத் தட்டு அடுப்பில் வெந்துகொண்டிருந்தாலும் சரி, போட்டது போட்டபடி கிடக்கும். வேன் வாசலில் நிற்க, தெருவே அத்தர் மணக்க, பயணம் போகும் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வாள். "மதினாவுல நாயகத்துக்கு என் ஸலாமைச் சொல்லுமா. தவுலத் பீ, உத்திரமேரூர்னு சொல்லு" என்பாள்.

எல்லோரும்தான் சொல்லியனுப்புவார்கள். அது வழக்கம். போகிறவர் அங்கே நபிகள் நாயகத்தின் அடக்கத்தலத்தின் முன்னால் போய் நின்று, இன்னார் ஸலாம் சொன்னார் என்று பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொண்டு போன பொருளைச் சேர்ப்பது மாதிரிதான். ஆனால் தவுலத் பீ போனவர்களை விட மாட்டாள். திரும்பி வந்து பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுக்கும்போது, "என் ஸலாம் சொன்னியா?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்பாள். "சொன்னேன் ஆபா" என்று சிலர் பட்டென்று சொல்வார்கள். சிலர் கொஞ்சம் விழுங்கிவிட்டு, "கூட்டத்துல தள்ளிட்டாங்க ஆபா, ஆனாலும் சொன்னேன்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் விழுங்கலில் தவுலத் பீக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரே ஒரு தடவை தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. கணவர் 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடிவிட்டார். பஜார் தெரு முனையில் காலையில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் விற்று, வயிற்றுக்குப் போக மிஞ்சியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். பேங்கில் போட்டால் வட்டி சேரும். வட்டிக் காசில் மதினா போவதா என்று அந்தப் பக்கமே போகவில்லை. ஏலச்சீட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். ஆகையால் டின் டின்னாகவே இருந்தது.

பள்ளிவாசலை ஒட்டிய சின்ன அறையில் வட்டியில்லாக் கடன் சங்கம் நடத்தும் முனவர் பாய்தான் ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டார். காய் வண்டிக்காரி, செருப்புத் தைப்பவர், ஜோசியர் என்று எந்தச் சாதி எந்த மதம் என்று பாராமல் கடன் கொடுக்கும் சங்கம் அது.

"ஆபா, சும்மா கெடக்கிற காசுக்கு வருஷா வருஷம் ஏழைங்களுக்கு ஜகாத் குடுத்துக்கினு கீறீங்கோ. நீங்க ஒரு பக்கம் போட, அது ஒரு பக்கம் போவுது. டின்னு எப்ப ரொம்பறது? யாவாரத்துல எறக்குங்க. வள்ளியம்மான்னு ஒரு பொண்ணு வந்து நிக்குது. வாத்து மேய்க்கத் தெரிஞ்ச பொண்ணு. வாங்கறதுக்குத்தான் முதல் இல்லை."

வள்ளியம்மா ஏரிக்கரை ஓரத்து இருளர் குடிசைகளில் ஒருத்தி. முப்பது வயதுகூட இருக்காது. சங்கத்து அறையில் நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் குந்தியிருந்தாள். அவள் புருஷன் கன்னியப்பன் வாசலிலேயே நின்றான். முனவர் பாய் ஒரு தடவைக்கு மூன்று தடவையாக விளக்கினார்.

"இது கடன் இல்லம்மா, கூட்டு. காசு பாயம்மாது, பாடு உன்னுது. லாபம் வந்தா ஆளுக்குப் பாதி. நஷ்டமாச்சுன்னா, காசு போனது பாயம்மாவுக்கு, பாடு போனது உனக்கு. நீ வேணும்னே கெடுத்தாத்தான் உன் தலையில விழும். வெளங்குச்சா?"

"சரி பாய்" என்றாள் வள்ளியம்மா. அந்தச் சரி எந்த மாதிரிச் சரி என்று அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை. புரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அறுவடை முடிந்த கழனிகளில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் தின்று வாத்துகள் கொழுத்தன. முட்டை வியாபாரி தாமோதரன் வேனோடு வந்து எடுத்துக்கொண்டு போவான். பாதிப் பங்கு தவறாமல் வந்தது. தவுலத் பீ சாயங்காலம் ஆனால் ஏரிக்கரைக்கு நடக்க ஆரம்பித்தாள். பங்கு வாங்க என்று பேர். உண்மையில் பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். தெருவில் அவள் மதினா பேச்சை எடுத்தால் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். வள்ளியம்மா மட்டும் கழியை ஊன்றிக்கொண்டு வாயைப் பிளந்து கேட்பாள்.

"பச்சை கும்மட்டமா பாயம்மா? நம்ம ஏரி மாரி பச்சையா?"

"அதைவிடப் பச்சைடி. கிட்டப் போறச்சே கால் தானா நடுங்குமாம். அங்க நின்னு நானே என் வாயால ஸலாம் சொல்லணும் வள்ளி. இனிமே இன்னொருத்தர் வாயை நம்பறதா இல்லை."

"சொல்லுவ பாயம்மா. இந்த வாத்துங்கோ உன்னைக் கூட்டிக்கினு போவும்" என்று வள்ளியம்மா சிரித்தாள்.

அப்படித்தான் நடக்கும் போலவும் இருந்தது. பருவம் முடிந்து வாத்துகளை விற்றுவிட்டால் முதல் கைக்கு வந்துவிடும். தவுலத் பீ பாஸ்போர்ட் எடுத்தாள். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன் என்று நாலு பேரிடம் காட்டிச் சிரித்தாள். அடுத்த தெரு ஜைத்தூன் போகும் குழுவிலேயே பேரும் கொடுத்தாயிற்று. பயணத்தில் உடுத்த வெள்ளைத் துணி வாங்கித் தைத்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

ஒரு மத்தியானம் வாத்துகள் பக்கத்துக் கழனியில் இறங்கின. அங்கே பூச்சி கொல்லும் குருணை மருந்து தூவியிருந்தது. மருந்து போட்டால் ஒரு கொம்பை நட்டுத் துணி கட்டுவது கழனிக்காரர்கள் வழக்கம். அன்றைக்கு அந்தக் கழனிக்காரன் கட்டவில்லை. வாத்துகள் கழுத்தைத் திருகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிந்தன. சேதி கேட்டுத் தவுலத் பீ ஓடியபோது வள்ளியம்மா சேற்றில் உட்கார்ந்து, செத்த வாத்தின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் கரைமேல் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

முனவர் பாய் தாடியைத் தடவினார். "ஆபா, கவனக்குறைவுன்னா அவதான் பொறுப்பு. அத்த நாம விசாரிக்கலாம். உங்க பயணக் காசாச்சே."

தவுலத் பீ யோசிக்கத்தான் செய்தாள். இல்லை என்று சொன்னால் பொய். தலையணைக்கு அடியில் இருந்த வெள்ளைத் துணி அவளை யோசிக்க வைத்தது. பிறகு சொன்னாள்: "கொடி கட்டாதவன் கழனிக்காரன். அவ இன்னா பண்ணுவா? என் காசு போச்சு பாய். பேசினபடி போச்சு." வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குழுவிலிருந்து பேரை எடுக்கச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

நல்லவேளை தள்ளிப்போட்டோம் என்று அவளே நினைக்கும்படி, சில நாள் கழித்து விடிகாலையில் வள்ளியம்மா இடியாப்பக் கடைக்கு வந்தாள். முந்தானையில் முடிந்த பொட்டலத்தை அவிழ்த்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். முதல் அப்படியே முழுசாக இருந்தது.

"உன்னுது பாயம்மா. நீ போய்ட்டு வா" என்றாள். அவ்வளவுதான். நாஷ்டா சாப்பிட்டுப் போ என்றதற்குக்கூட நிற்கவில்லை.

எங்கிருந்து வந்தது என்று தவுலத் பீ கேட்டிருக்க வேண்டும். கழனிக்காரன் கொடுத்திருப்பான், அல்லது தாமோதரன் முன்கூட்டிக் கொடுத்திருப்பான் என்று தனக்குத்தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்வதைவிட, அவளே கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டாள் என்பதுதான் சரி. எத்தனையோ வருட ஏக்கம், பாவம், அவளும் மனுஷிதானே. அன்றைக்கு இடியாப்பம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தேங்காய்ப் பால் கூடுதலாக ஊற்றினாள்.

டிராவல்ஸ்காரரிடம் கொடுக்கக் காசைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிய அன்றுதான் பஸ் ஸ்டாண்டில் தாமோதரனின் வேன் நின்றது.

"இன்னா பாயம்மா, வாத்துக்காரம்மா குடும்பத்தோட செங்கல் சூளைக்குப் பூட்ச்சே, தெரியாதா? வாலாஜாபாத் தாண்டி, பாலாத்துப் பக்கம். மொத்தமா அட்வான்ஸ் வாங்கிக்கினு ரெண்டு பேரும் எறங்கிட்டாங்கோ. இனி எப்ப மீண்டு வருங்களோ."

தவுலத் பீக்குக் கையிலிருந்த பை சுட்டது. டிராவல்ஸ் ஆபீஸ் எதிரேதான் இருந்தது. பத்தடி நடந்தால் போதும். வாலாஜாபாத் பஸ்ஸும் எதிரேதான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

சூளையில் வள்ளியம்மா முழங்கால் வரை களிமண்ணில் நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"காசு கொறையுதா பாயம்மா?"

"அடிப்பாவி! நஷ்டமானா என் காசுதான் போவணும்னு பாய் மூணு வாட்டி சொன்னாரே. நீ சரின்னு தலையாட்டலே?"

"ஆட்னேன். எல்லாரும் குடுக்கறச்சே நல்லாத்தான் சொல்றாங்கோ." வள்ளியம்மா காலிலிருந்த மண்ணை வழித்தாள். "எங்கப்பன் ரைஸ் மில்லுல வாங்கின அட்வான்ஸை அவரு செத்தப்புறம் நான்தான் ஒழைச்சிக் கழிச்சேன். வாங்கிட்டுக் குடுக்க வேணான்னு ஒலகத்துல எவனாச்சும் சொல்லுவானா? நான் நம்பலே பாயம்மா."

"என்னையுமா நம்பலே?"

வள்ளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "உன்னை நம்புனேன். நீ கேக்க மாட்டேன்னு தெரியும். ஆனா நெதம் கரையில குந்திக்கினு அந்தப் பச்சைக் கும்மட்டத்தைச் சொல்லுவியே. அந்தக் காசு என் கையில இருந்து பூட்ச்சே. நான் எப்படிக் கம்முனு கீறது?"

தவுலத் பீ களிமண் என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி வந்தான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து இரண்டு பேரையும் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தான். பாதியில் போனால் தனக்கு எவ்வளவு பேஜார் தெரியுமா, வாங்கினதற்கு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போ என்றான். தவுலத் பீக்கு அதுவரை அடக்கி வைத்த கோபமெல்லாம் பொங்கிவிட்டது.

"அவங்க வேல செஞ்ச கூலிய நீ குடுக்கணும், அத்தப் பத்திப் பேச்சையே காணோம். மேலயா? மேல குடுத்தா அது வட்டி. வாங்கறதும் எங்களுக்குப் பாவம், குடுக்கறதும் பாவம். என்னைப் பாவத்துல தள்ளப் பாக்கிறியா? இந்தா, நீ குடுத்தது. மேல வேணும்னா தாலுக்கா ஆபீஸ்ல வந்து கேளு, அட்வான்ஸ் குடுத்து ஆளைப் புடிச்சி வெக்கிற கதையை அங்கயே பேசிக்கலாம்."

ஆபீஸ் என்றதும் மேஸ்திரியின் குரல் இறங்கியது. காசை வாங்கிக்கொண்டான். திரும்பும் பஸ்ஸில் மூவருக்கும் தவுலத் பீதான் டிக்கெட் எடுத்தாள். பை காலியாக மடியில் கிடந்தது. அதைத் தடவிப் பார்த்தபோது, தான் செய்தது சரி என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆசைதான் முன்னைவிடப் பெரிதாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

ஜைத்தூனின் குழு புறப்பட்ட காலையில் தவுலத் பீ வழக்கம்போல முதல் ஆளாகப் போய் நின்றாள். தலையணைக்கு அடியிலிருந்த வெள்ளை உடுப்பை ஜைத்தூனிடமே கொடுத்துவிட்டாள். அது அங்கே போகட்டும். பிறகு அவள் கைகளைப் பிடித்தாள்.

"தவுலத் பீ, உத்திரமேரூர்னு சொல்லு" என்றாள்.

வேன் திரும்பி மறைந்தது. கூட்டம் கலைந்தது. சற்றுத் தள்ளி, கூடையை இடுப்பில் வைத்தபடி வள்ளியம்மா நின்றிருந்தாள். முனவர் பாய் இந்தத் தடவை சங்கத்துக் காசிலேயே வாத்துக் குஞ்சுகள் வாங்கித் தந்திருந்தார். நஷ்டத்தைப் பற்றி நாலாவது முறையும் விளக்கியிருந்தார்.

"பாயம்மா, நீ இத்தினி வருசமா சொல்லியனுப்பினது எல்லாம் அங்க போய்ச் சேந்திருக்குமா?"

"யாருக்குத் தெரியும் வள்ளி. சொன்னேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

வள்ளியம்மா கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப நீ போறச்சே நேர்ல கேளு பாயம்மா, எல்லாம் வந்துச்சான்னு."

தவுலத் பீ வேன் போன திசையையே பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேக்கறேன்டி" என்றாள்.