வெள்ளிராவுக்குக் கேட்ட கரண்ட்

சுவரில் பூட்டியிருந்த பெட்டியில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்றைக்குப் பச்சையாக இருந்திருக்க வேண்டிய விளக்கு. ஜஹானா கேபிளைக் காரிலிருந்து கழற்றி மறுபடி மாட்டினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். செம்மஞ்சள்தான். கீழே பள்ளிவாசலில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அம்பிட்டியச் சரிவில் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். மின்சாரக் கம்பெனியின் திட்டம். இருட்டத் தொடங்கினால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விளக்குப் போடும், சோறாக்கும், தண்ணீர் சுடவைக்கும். கார்களும் அதே நேரத்தில் சேர்ந்து உறிஞ்சினால் தாங்காது. ஆகவே அந்தியிலிருந்து பத்தரை மணிவரை கார்களுக்குப் போகும் கரண்டைக் கம்பெனியே தூரத்திலிருந்து நிறுத்திவைக்கும். ஒப்புக்கொண்ட வீடுகளுக்கு மாதாமாதம் பில்லில் கழிவு. கம்பளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஜஹானா கேட்டவுடனேயே ஒப்புக்கொண்டாள். கழிவு மட்டும் காரணமல்ல. அந்த நேரத்துக் கரண்ட் டீசலை எரித்து வருகிறது என்று வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லி வந்தவள் அவள். பெட்டி பூட்ட வந்தவர்கள் வீட்டுப் பிளக்கில் செருகும் பழைய கேபிளை வாங்கிக்கொண்டு போனார்கள். அது நிபந்தனை. அவளுடைய கணவன் மக்கீன் பக்கத்தில் நின்று சிரித்தான். "ஊரெல்லாம் மகுரிபுக்கு நோன்பு தொறக்கும். நம்மட கார் மகுரிபுக்குத்தான் நோன்பு புடிக்கப் போகுது."

மாதத்தில் ஒருநாள் மட்டும் விலக்குக் கேட்கலாம். முன்கூட்டியே ஃபோன் எடுத்து எந்த இரவு என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் பெட்டி அந்தியிலேயே திறந்துவிடும். ஜஹானா அதுவரை ஒருதடவையும் கேட்டதில்லை. இந்த மாதம்தான் கேட்டாள். வாப்பாவுக்காக.

வாப்பா தெல்தோட்டையில் அவளுடைய அண்ணன், பாரூக் நானாவின் வீட்டில் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சில் பாதி போய்விட்டது. போன கிழமை அவள் போயிருந்தபோது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வாயின் ஒரு பக்கத்தால் மெதுவாகச் சொன்னார். வெள்ளிராவைக்கு வந்து பக்கத்தில் இருந்து குர்ஆனில் யாஸீன் ஓது என்றார். அவள் சரி என்றாள். மறுநாளே கம்பெனிக்கு ஃபோன் எடுத்து வெள்ளிராவுக்கு விலக்குக் கேட்டாள். எடுத்த பெண் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிந்துகொண்டாள்.

அந்த நம்பிக்கையில்தான் இன்று வியாழக்கிழமை கார் ஓய்வில்லாமல் ஓடியது. கம்பளைக்குப் போய் வந்து, பேராதனையில் வாப்பாவின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து தேடித் திரிந்து, பெரஹரா ஊர்வலத்துக்காக அடைத்திருந்த வீதிகளைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது பழைய பற்றரியில் பத்தொன்பது கிலோமீட்டருக்குத்தான் இருந்தது. தெல்தோட்டைக்கு முப்பதுக்குக் கிட்ட. அதிலும் கடைசிப் பாதி ஏற்றம்.

அவள் இன்னும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பாரூக் ஃபோனில் வந்தான். வாப்பாவின் மூச்சு மாறிவிட்டது என்றான். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி எங்கேயும் கொண்டுபோக வேண்டாம், இருக்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒன்னத்தான் தேடுறார். கண்ண கதவுப் பக்கமே வெச்சிட்டு ஈக்கிறார். ஏன் இன்னம் பொறப்படல்ல?"

கார் சார்ஜ் ஆகவில்லை என்று அவள் சொன்னாள்.

"சொந்தக் கார வெச்சிட்டு கரண்ட்காரன்ட கையப் பாத்துட்டு ஈக்கிற ஒரே ஆள் நீதான்" என்றான் பாரூக்.

அவர்களுடைய உம்மா கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரியில் தனியாக மௌத்தானவர். யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு முகம் பார்க்கவும் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஜஹானா மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டாள். வாப்பாவின் கடைசி மூச்சின்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக எதையும் அவள் அதன்பிறகு கேட்டதில்லை.

கம்பெனியின் இலக்கத்தை அழுத்தினாள். நெடுநேரம் இசை. பிறகு ஒரு இளைஞனின் குரல், தன் பெயர் சுதேஷ் என்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சு. விபரத்தைக் கேட்டு, தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஓம் அக்கா, உங்கட விலக்கு பதிவில கிடக்குது. வெள்ளி இரவு."

"அதத்தான் நானும் செல்றன். வெள்ளிராவு வந்திரிச்சி. பெட்டி தொறக்கல்ல."

"வெள்ளி நாளைக்கெல்லோ அக்கா. இண்டைக்கு வியாழன்."

ஜஹானாவுக்கு முதலில் அவன் என்ன சொல்கிறான் என்றே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. காரின் மேல் கையூன்றிக்கொண்டாள். அவள் பிறந்த வீட்டிலும் வந்த வீட்டிலும் இந்த இரவுக்கு வேறு பெயர் கிடையாது. மஃரிபோடு நாள் மாறிவிடும். வியாழன் பொழுது சாய்ந்தால் அது வெள்ளிராவு. வாப்பாவும் அப்படித்தான் சொன்னார், அவளும் அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். அந்தச் சொல்லை இன்னொருவருக்கு விளக்க வேண்டி வரும் என்று வாழ்நாளில் ஒருதடவையும் அவளுக்குத் தோன்றியதில்லை. பதிந்துகொண்ட பெண்ணும் தமிழ்தான் பேசினாள். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரே சொல்லைக் கேட்டு, வெவ்வேறு இரவுகளை நினைத்துக்கொண்டு ஃபோனை வைத்திருக்கிறார்கள்.

அவள் அதை அவனுக்குச் சொன்னாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, ஒவ்வொன்றாக.

"எனக்கு இது தெரியாது அக்கா" என்றான் அவன். குரலில் கேலி இல்லை. "எங்கட பக்கம் வெள்ளி இரவெண்டா வெள்ளிக்கிழமை இரவுதான்."

வாப்பாவைப் பற்றிச் சொன்னாள். இப்போதே மாற்றிப் போடும்படி கேட்டாள். அன்றன்றைக்கு மாற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்றான் அவன். பெரஹரா நாள் என்பதால் கண்டிப் பக்கம் யாருக்கும் திறக்க வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். பத்தரைக்குத் தானாகவே வந்துவிடும் என்றான்.

"தம்பி, பத்தரை வரைக்கும் அவர் இருக்க மாட்டார்."

ஃபோனுக்குள் வேறு வேறு குரல்கள் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் யார் யாருக்கோ பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அவன் வைத்துவிடவும் இல்லை. அவளும் வைக்கவில்லை. கடைசியில் அவன் சொன்னான். "மேல கேட்டுப் பாக்கிறன் அக்கா. ஆனா நடக்குமெண்டு சொல்லேலாது."

சொல்லேலாது என்ற சொல்லோடு அவள் முற்றத்தில் தனியாக நின்றாள். தெரிந்த இரண்டு ஓட்டோக்காரர்களுக்கு எடுத்தாள். ஒருவன் எடுக்கவில்லை. மற்றவன் தடுப்புக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தான். பெரஹரா கலைந்த பிறகுதான் வெளியே வர முடியும் என்று கத்திச் சொன்னான். அவனுக்குப் பின்னால் மேளம் வானத்தைப் பிளந்தது. மக்கீனின் கடையும் ஊர்வலம் போகும் வீதியில்தான். அந்த மேளத்தில் அவனுக்கு ஃபோன் மணி கேட்கப்போவதில்லை. மூன்று தடவை எடுத்துவிட்டு விட்டாள். அயல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் பார்க்கப் போய்விட்டார்கள்.

செம்மஞ்சள் விளக்கின் முன்னால் குந்தியிருந்து யோசித்தாள். நின்றால், அவன் கேட்டுப் பார்த்து ஒருவேளை திறக்கலாம். போனால், பாதி வழியாவது போகலாம். தலாத்துஓயா வரை இறக்கம். இறக்கத்தில் பற்றரி கொஞ்சம் ஏறும். பெட்டியின் முன்னால் சும்மா இருந்து வாப்பாவை விடுவதைவிட, அவர் இருக்கும் திசையில் எங்கேயாவது இருப்பது மேல் என்று தோன்றியது. அது சரியான கணக்கு அல்ல என்று அவளுக்குத் தெரியும். கேபிளைக் கழற்றி எறிந்தாள்.

ஏஸியைப் போடவில்லை. ரேடியோவும் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வைப்பரைக்கூடக் கண்ணாடி முற்றாக மறைந்த பிறகே ஒருதடவை ஓடவிட்டு நிறுத்தினாள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு உருளவிட்டாள். தலாத்துஓயாச் சந்தியில் திரையில் இருபது என்று வந்தது. யாரோ தனக்கு இரங்கிவிட்டார்கள் போல் இருந்தது. உதடுகள் தாமாகவே யாஸீனைத் தொடங்கின. ஆனால் கண் அந்த இலக்கத்தில் இருந்ததால் ஆயத்துகள் இடம் மாறி மாறி வந்தன. விட்டுவிட்டாள்.

ஏற்றம் தொடங்கியதும் இலக்கம் அருவியாய் விழுந்தது. பதினாறு, பதிமூன்று, பத்து. தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் வீதியில் வேறு வண்டி எதுவும் இல்லை. பிறகு இலக்கமே அழிந்து கோடுகள் மட்டும் மின்னின. பற்றரி முடியப்போகிறது என்று காட்டும் ஓர் ஆமைப் படம் மஞ்சளாக வந்தது. கார் நடப்பவனின் வேகத்துக்கு வந்தது. "போ" என்று அவள் அதனிடம் கெஞ்சினாள். "இன்னும் கொஞ்சம் போ." ஒரு வளைவில் பாதி திரும்பிய நிலையில் அது நின்றுவிட்டது. சத்தமில்லாமல் ஓடும் கார் சத்தமில்லாமலே நின்றது.

பாரூக்குக்கு எடுத்தாள். எங்கே நிற்கிறேன் என்று சொல்லி, மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போகும்படி கேட்டாள்.

"வாப்பாவ விட்டுட்டு என்னெண்டு வார?" என்றான் அவன். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. "மூச்சு நிண்டு நிண்டுதான் வருது. நான் கைய எடுக்கவும் ஏலா. நீ எப்புடியாச்சும் வா."

"நானா, ஃபோன அவர்ட காதுல வெய்ங்க."

வைத்தான். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. இழுத்து, நீண்ட இடைவெளி விட்டு, மறுபடி இழுத்தது. வந்துகொண்டிருக்கிறேன் வாப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். நின்றுபோன காருக்குள் இருந்துகொண்டு அந்தப் பொய் வரவில்லை. "வாப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தால் மணி போகவில்லை. மலைக்கு நடுவே ஃபோன் தன் பாட்டில் தேடிக்கொண்டிருந்தது.

இறங்கி, சிக்னல் கிடைக்குமா என்று வளைவைத் தாண்டி நடந்தாள். அங்கே ஃபோன் அடித்தது. பாரூக் என்று நினைத்து எடுத்தாள்.

"அக்கா, நான் சுதேஷ் கதைக்கிறன்." மூச்சிரைக்கப் பேசினான். மாடிப்படி ஏறி இறங்கியிருப்பான் போல. "மேல சம்மதிச்சிட்டினம். இப்ப உங்கட பெட்டியப் பாருங்கோ. பச்சை வந்திருக்கோணும்."

ஜஹானா இருட்டைப் பார்த்தாள். கீழே எங்கோ, யாருமில்லாத முற்றத்தில், நிலத்தில் கிடக்கும் கேபிளுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

"வந்திட்டுதோ அக்கா?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த இளைஞன் தனக்காக யாரோ ஒருவரின் மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான் என்பதும், தான் நிற்கும் இடத்தைச் சொன்னால் அவன் இன்றிரவு நித்திரை கொள்ள மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"வந்திரிச்சி தம்பி" என்றாள்.

"அப்ப சரி அக்கா. கெதியாப் போய் அப்பாவப் பாருங்கோ."

ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். செருப்பு ஈரத்தில் வழுக்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஓடவும் பார்த்தாள். மூச்சு வாங்கியது. நின்று, மறுபடி நடந்தாள்.

மேலே, இரண்டு மூன்று வளைவுகளுக்கு அப்பால், ஓர் ஒற்றை வெளிச்சம் தேயிலைக்கு மேலால் திரும்பியது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. மோட்டார் சைக்கிள். ஜஹானா ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். நானா வருகிறான்.

பிறகு, அவன் ஏன் வருகிறான் என்று யோசித்தாள்.

நடை நின்றுவிட்டது. வெளிச்சம் அவசரமில்லாமல் இறங்கி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நிதானமாகத் திரும்பியது. அவள் வீதியின் நடுவே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாரூக் பக்கத்தில் வந்து எஞ்சினை நிறுத்தினான். இறங்கவில்லை. ஹெல்மட்டையும் கழற்றவில்லை.

"எப்ப?" என்றாள்.

"லைன் அறுந்து கொஞ்ச நேரத்தில" என்றான். தூறல் சூடான எஞ்சினில் விழுந்து சுர்ரென்றது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. கலஹாவிலிருந்து வரும் கடைசி பஸ்ஸின் ஹோர்ன் மேலே எங்கோ கேட்டது. பாரூக் தலையைத் திருப்பி, கீழே வளைவின் நடுவில் வீதியைப் பாதி அடைத்துக்கொண்டு நின்ற காரைப் பார்த்தான்.

"பஸ்காரன் காணமாட்டான்" என்றான். "மொதல்ல அத ஓரத்துக்கு எடுப்பம்."

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அவன் கதவுப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அவள் பின்னால் போய் ஈரமான தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. முதல் தள்ளலில் அசையவில்லை. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"தள்ளு ஜஹானா" என்றான் பாரூக்.

தள்ளினாள்.