பாதியில் நின்ற கோடு

ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலைத் தெருவில் ஈ காக்கை இருக்காது. கடையில் மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க வந்த தாணுலிங்கம், தன் கடை வாசலில் தன் மகள் நீது நிற்பதைப் பார்த்ததும் ஒரு சரக்கு ஆட்டோவுக்குப் பின்னால் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார். வத்தல் மல்லி மொத்த வியாபாரத்தில் தலை நரைத்த மனிதர். மூட்டையின் வாயில் தெரிகிற வத்தலைப் பார்த்து அடியில் கிடப்பதை நம்புகிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

நீது பளபளவென்று மின்னும் எவர்சில்வர் உருண்டை ஒன்றைக் கடைக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். பிறகு பலகைக் கதவின் பக்கத்தில் போய் ஒவ்வொரு பலகையாகப் படம் எடுத்தாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை, டேப்பை இழுத்து வாசலை அளக்கத் தொடங்கினாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஷாஜி. தரகன் ஷாஜி! சிரித்துச் சிரித்தே இந்தப் பக்கத்தில் எத்தனையோ கடைகளைக் கைமாற்றி விட்டவன். தாணுலிங்கம் ஆட்டோ மறைவிலிருந்தே பின்வாங்கினார். கண்ணாடியை எடுக்காமலேயே வீட்டுக்குத் திரும்பினார்.

கேட்டிருக்கலாம். கேட்டால் சுதாரித்துக்கொள்வார்களே! மறுநாளே கடைப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அந்த இடமும் சரியில்லை என்று தோன்றவே, பழைய வேட்டியில் சுற்றி அரிசி டிரம்முக்கு அடியில் தள்ளினார். அதன்பிறகு வீட்டில் சோறு பொங்கும்போதெல்லாம் அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நீதுவின் வேலை வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. கழக்கூட்டத்துப் பக்கம் ஏதோ கண்ணாடிக் கட்டிடம். வாசலிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். என்ன வேலை என்று கேட்டால், "கிராஃபிக்ஸ்." என்ன படத்துக்கு என்று கேட்டால், "சொல்லக்கூடாதுப்பா, ஒப்பு போட்டுக் குடுத்திருக்கேன்." அவருக்குத் தெரிந்து வியாபாரத்தில் வெளியே சொல்லக்கூடாதது இரண்டுதான். ஒன்று கலப்படம், இன்னொன்று திருட்டு.

"பிள்ளைக்க வேலையில உங்களுக்கு என்ன சம்சயம்? எல்லாம் நல்ல வேலையாக்கும்" என்றாள் மனைவி முத்தாரம்மாள். கேட்காமலே பரிந்து பேசுகிறாள் என்றால் இவளும் கூட்டுத்தான் என்று தாணுலிங்கம் முடிவு கட்டினார். அவருடைய இருமலுக்கு அவள் கஷாயம் கொண்டு வைத்தபோது அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன் வழக்கம்போலத் திருநீற்றைக் குழைத்து நடுப்பலகையில் மூன்று விரலால் இழுத்தார். என்றோ பலகைக்கு இடையில் சிக்கி நசுங்கிய நடுவிரல் அவருக்கு நேராக நீளாது. அதனால் மேல்கோடும் கீழ்க்கோடும் முழுசாக ஓட, நடுக்கோடு மட்டும் பாதியில் நின்றுவிடும். அதன்மேல் குங்குமப் பொட்டை வைத்துவிட்டுத் திரும்பினால், கையில் போளிப் பொட்டலத்தோடு நீது. அவர் இருக்கும்போது கடைப்பக்கமே எட்டிப் பார்க்காதவள்.

"அப்பா, எங்க சீரிஸ் அவார்டுக்குப் போயிருக்கு. சூப்பர்ஹீரோ சீரிஸ், ஃபோன்லயும் டிவிலயும் வருமில்லா, அது. நாங்க செஞ்ச சண்டைக் காட்சி கடைசி அஞ்சுல நிக்கி. இப்ப வெளிய சொல்லலாம், கேட்டியளா."

அவர் போளியைத் தொடவில்லை. "அதுக்கு?"

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். நடிகன் எங்கோ ஒரு குளிர் தேசத்தில் பச்சைத் துணிக்கு முன்னால் கம்பியில் தொங்கினானாம். அவன் பறந்து வந்து மோதி விழுகிற வேற்றுக்கிரகத்துத் தெருவை உண்டாக்குவது நீதுவின் பொறுப்பு. பழைய தெரு என்றால் அவளுக்குத் தெரிந்தது ஆரியசாலைதான். எவர்சில்வர் உருண்டை தெருவின் வெளிச்சத்தைப் பதிய, டேப் வாசலின் அளவுக்கு. எடுத்த படங்களில் மலையாள எழுத்தை அழித்தாள், தமிழ் எழுத்தை அழித்தாள், மின்கம்பி, சுவரொட்டி, ஒரு பல்லியைக்கூட விட்டுவைக்கவில்லை. நடுப்பலகையின் திருநீறு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த கண்ணுக்கு அது மரத்தோடு மரமாகத்தான் தெரிந்திருக்கிறது. அவளுடைய மேலதிகாரி ஹரிகுமாருக்கும் தெரியவில்லை, அவர் வீட்டிலும் திருநீறு உண்டு. பார்த்த ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். அது வில்லன் கூட்டத்தின் ரகசியக் குறியாம். நடுக்கோடு பாதியில் நிற்பதால் அடுத்த பாகத்தில் யாரோ சாகப்போகிறார்களாம். ஊரெல்லாம் இதே பேச்சாகி, விருதுக்காரர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. இது நிஜமான இடமா, உடையவர் சம்மதித்தாரா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

"நான் உங்ககிட்ட கேக்காம எடுத்தது தப்புதான். சம்மதம் இல்லேன்னா காட்சியைப் போட்டியில இருந்து எடுத்துருவாங்கப்பா. என் பேரும் போயிரும், வேலையும் நிக்குமான்னு தெரியல்ல. நீங்க கேமரால ஒரு வரி சொன்னாப் போதும். 'இந்தக் கடை என்னுது, முழு சம்மதத்தோட தாறேன்'ணு."

முழுச் சம்மதத்தோடு தருகிறேன்! தாணுலிங்கத்துக்குப் பத்திர ஆபீஸ் வாசல் கண்முன்னால் வந்து நின்றது. போளி, விருது, பறக்கிறவன் எல்லாம் மூட்டையின் வாய், அடிச்சரக்கு இதுதான் என்று நினைத்தார். இருமல் வந்தது. இருமி முடித்து, "முதல்ல அந்தக் காட்சியைக் காட்டு" என்றார்.

சின்னத் திரையில் ஆகாயம் ஊதா நிறத்தில் இருந்தது. அதன்கீழே அவருடைய தெரு. நீலக் கவசம் போட்ட ஒருவன் எங்கிருந்தோ பறந்து வந்து அவர் கடைக் கதவில் மோதினான். அவருடைய மூன்று விரல்கள் இழுத்த திருநீறு ஒரு கணம் திரை முழுக்க நின்றது. பிறகு பலகைகள் சிம்பு சிம்பாகத் தெறித்தன.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் கடையை உடைச்சுல்லா காட்டியிருக்க!" ஃபோனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கொடுக்காமல் நிறுத்தினார். திரையில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகள் கிழிந்து, தராசு நசுங்கி, கூரை பொத்தல் விழுந்து கிடந்தது கடை. நடுவில் அவருடைய மர நாற்காலி. முதுகில் அவருடைய துண்டு, மடிப்புக் கலையாமல்.

"இது மட்டும் எப்படி உடையல்ல?"

"கடைக்கு உள்ள இருக்கதெல்லாம் ஞாபகத்துல இருந்து செஞ்சேன். இதை ஹரி சார் உடைக்கச் சொல்லி ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாரு. எனக்கு மனசு வரல்லப்பா."

மகளின் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்றரை வருஷமாக உள்ளே ஊறிக் கிடந்ததுதான் முந்திக்கொண்டு வெளியே வந்தது.

"அப்ப அன்னைக்கு ஷாஜி எதுக்கு வந்தான்?"

நீதுவின் முகம் மாறியது. "பாத்தியளா?" என்றாள். பொட்டலத்தின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றாள். "அம்மைதான் வரச்சொன்னது. வத்தல் பொடில உங்க இருமல் கூடிக்கிட்டே போகுல்லா. அம்மைக்கு உறக்கமே இல்ல. வெறுதே விலை கேட்டுப் பாக்கலாம்னு... நான் போன அன்னைக்கே அவரும் வந்து நின்னாரு. டேப்பைப் பிடிங்கன்னேன்."

சந்தேகம் பொய் என்றால் வெட்கப்படலாம். மெய் என்றால் கோபப்படலாம். பாதி பொய்யும் பாதி மெய்யும் என்றால் மனிதன் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? தெருவில் முதல் சரக்கு வண்டி ஆரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நடுப்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எடு" என்றார்.

நீது திரை அவர் பக்கம் இருக்கும்படி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் சிவப்புப் பொட்டு எரிந்தது.

"நான் தாணுலிங்கம். இந்தக் கடை என்னுது. இதைப் படம் எடுத்ததிலயும் காட்டுகதிலயும் எனக்கு முழு சம்மதம். சினிமால எத்தனை தடவை வேணும்னாலும் உடைச்சுக்கிடட்டும்." இருமலை விழுங்கிக்கொண்டார். "விக்கமாட்டேன்."

நீது ஃபோனை இறக்கவில்லை. இருப்பதை இல்லாமல் ஆக்கவும் இல்லாததை உண்டாக்கவும் சம்பளம் வாங்குகிறவள் அவள். பல்லியைத் தடம் தெரியாமல் அழித்தவளுக்குக் கடைசிச் சொல் ஒன்றை வெட்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தபடியே, தாணுலிங்கம் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்குப் பக்கத்தில் ஈரத் திருநீறு காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் பாதி.