வலிக்கலைல்ல?

தோள்பட்டை ஒன்று, பார்த்தவர்கள் இரண்டு பேர். புருஷன் டாக்டர், "ஒண்ணுமில்ல, வெறும் சுளுக்கு" என்றான். பெண்டாட்டி பிசியோதெரபிஸ்ட், "தசைநார் கிழிஞ்சிருக்கு" என்றாள். தோளுக்குச் சொந்தக்காரி டாக்டரின் தங்கை, பஸ் ஓட்டுகிறவள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கிழிந்த தசைநாரோடு அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பினால் கையை ஆயுசுக்கும் தூக்க முடியாமல் போய்விடும். ஆனால் அவளுக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான்!

"உங்க ரெண்டு பேர் சண்டையில என் கையை ஏன் அண்ணி இழுக்கறீங்க?" என்று கிண்டல் வேறு.

அண்ணி விடுவதாக இல்லை. தங்கையைக் கிளினிக்கில் உட்காரவைத்து, ஒருவர் பார்க்கும்போது மற்றவர் வெளியே நிற்பது என்று மறுபடி சோதித்தார்கள். மறுபடியும் அவனுக்குச் சுளுக்கு, அவளுக்குக் கிழிசல். இத்தனைக்கும் செய்தது ஒரே சோதனை. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, மெதுவாக இறக்கச் சொல்ல வேண்டும்; தசைநார் கிழிந்திருந்தால் கை தாங்காமல் விழுந்துவிடும், அவ்வளவுதான். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப எனக்குப் பண்ணுங்க," என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்கென்ன கேடு?"

"எனக்கு ஒரு கேடும் இல்ல. உங்க கை என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். தங்கச்சிக்குப் பண்ணின மாதிரியே பண்ணுங்க."

தூக்கினான். இறக்கும்போது அவள் முழங்கைக்கு அடியில் அவன் உள்ளங்கை தாங்கிக்கொண்டு கூடவே இறங்கியது. வாய் தன்பாட்டுக்குக் கேட்டது: "வலிக்கலைல்ல?"

"அடப்பாவி மனுஷா!" துள்ளி இறங்கினாள். "இப்படித் தாங்கினா பொணத்தோட கைகூட மெதுவாத்தான் இறங்கும்! வலிக்கலைல்லன்னு கேட்டா யாருதான் வலிக்குதும்பாங்க? கையை எடுங்க. என்ன பண்ணுதுன்னு மட்டும் கேளுங்க. நானும் அப்படித்தானே கேட்டேன்?"

டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் தங்கையின் கையை மறுபடி தூக்கி, இந்த முறை விட்டுவிட்டான்.

கை பொத்தென்று விழுந்தது. "ஐயோ அம்மா!"

"என்ன பண்ணுது?"

"உசிர் போகுது."

இருவருக்கும் இப்போது ஒரே பதில். திங்கட்கிழமை பஸ் கிடையாது என்று அண்ணி கறாராகச் சொன்னாள். தங்கை தலையை ஆட்டினாள். டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"ஏன்டி, இவ்வளவு வலியை வச்சுக்கிட்டா எங்கிட்ட இல்லன்னு பொய் சொன்னே?"

"பொய் இல்லண்ணா," என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ பிடிச்சிருந்தப்ப நெசமாவே வலிக்கல."