அப்பாவின் கட்டைவிரல்

ஜெனெல் அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததும் ரோண்டா சிரித்துவிட்டாள். கடை ரோண்டாவுடையது. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"கல்யாண கவுன் எடுக்கக்கூட நீ இத்தனை தடவை கடை ஏறி இறங்கலையேடி!"

"ஏறி இறங்கியிருந்தா டாரலக் கட்டித் தொலைச்சிருக்க மாட்டேன்."

டாரல் அவளுடைய முன்னாள் கணவன். பக்கத்தில் வரக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் போன மாதம் வந்து சமையலறைக் கதவை உதைத்து உடைத்தவன். ஊருக்கு வெளியே தனி வீடு. போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் சட்டைக்குள் இடுப்பில் துப்பாக்கி. அதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. அதை எந்த உறையில் வைப்பது என்பதில்தான் இருப்புக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பார்த்தது வெறும் பிளாஸ்டிக் உறை. திருகை முறுக்கினால் துப்பாக்கியை இறுக்கிக்கொள்ளும். ரோண்டா காலித் துப்பாக்கியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து உலுக்கிக் காட்டினாள். விழவில்லை. ஆனால் கட்டிப் புரளும்போது டாரல் பிடித்து இழுத்தால்? கையோடு வந்துவிடும். வேண்டாம் என்று மாற்றி, குறுக்கே வார் போட்ட தோல் உறையை வாங்கிப் போனாள். இடுப்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே கட்டைவிரலை விட்டுத் தள்ளினால்தான் வாரின் பொத்தான் விடுபடும்.

"ஒரு வாரம் குண்டு போடாம மாட்டிக்கிட்டு நட. பழகட்டும்," என்று சொல்லித்தான் ரோண்டா அனுப்பியிருந்தாள். நல்லவேளை, சொன்னாள்.

இன்று காலை ஜெனெல் வழக்கம்போல அப்பாவை நாற்காலியிலிருந்து தூக்கினாள். ஆர்வில் அந்த வட்டாரத்திலேயே டெபுடி ஷெரீப் என்ற போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சொந்த வீடே அவருக்கு மறந்து மறந்து போகிறது. அவள் குனிய, அவர் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு எழுவார். எழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், துப்பாக்கி அவர் கையில் இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் மாட்டியிருந்தது அதே மாதிரி வார் உறை. கரண்டி பிடிக்க நடுங்கும் கை அப்போது நடுங்கவே இல்லை.

"கையத் தூக்கு! யாரு நீ? என் வீட்ல என்ன பண்ற?"

"அப்பா, நான்தாம்பா..."

அவர் விசையை அழுத்திவிட்டார்.

குண்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற அப்பாவைப் பார்த்து அப்படிப் பயந்தோமே என்று அழுகை வந்தது. அவரோ துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, காபி ஆச்சா என்று கேட்டார்.

இப்போது தோல் உறையைக் கடை மேஜையில் வைத்தாள். "இது வேணாம். வேற குடு."

"டாரலுக்கு இது தாராளமாப் போதுமே?"

"எனக்குச் சரிப்படல, விடேன்."

வெளியே சொன்னால் அப்பாவை முதியோர் இல்லத்தில் விடு என்று ஊரே வரிந்துகட்டிக்கொண்டு வரும். ரோண்டா முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துப் போட்டாள். பூட்டு உள்ளே, பொத்தான் வெளிப்பக்கம்.

"ஆள்காட்டி விரல நீட்டி அமுக்கணும். அவசரத்துல வளைச்சே, நேரா விசையில போய் விழும். அதனால எனக்கு இது அவ்வளவாப் பிடிக்காது."

"கட்டைவிரலுக்குத் திறக்குமா?"

"கடவுளே வந்தாலும் திறக்காது." ரோண்டா அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அப்பா எப்படிடி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு ஜெனெல் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குண்டு இல்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். புது உறையை மாட்டினாள். வெளியே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினாள். டாரல் இல்லை, தீவன லாரி. திரும்பி வந்து குனிந்தாள்.

"எந்திரிங்கப்பா."

அவர் கட்டைவிரல் நேராகப் பழைய இடத்துக்குப் போய்த் தடவியது. வார் இல்லை. இழுத்தார். பெல்ட்டோடு சேர்ந்து அவள் இடுப்பும் இழுபட்டது, துப்பாக்கி வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துவிட்டுக் கையை எடுத்தார்.

அவர் தன் இடுப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"என் துப்பாக்கிய வாங்கிட்டாங்களா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"யாரும் வாங்கலப்பா. நான்தான் வச்சிருக்கேன்."

"நீ வச்சிருக்கியா?" அவர் அவள் சட்டையை இழுத்துவிட்டு உறையை மூடினார். "அப்பச் சரி. வார்ப் பொத்தான மட்டும் ஒழுங்கா மாட்டிக்கோ, ஜெனெல். எவனாவது பிடுங்கிடப் போறான்."