ஐம்பது வயது ஆகாத தரை

...ஒன்பது மாதம்தான் குறைகிறது, வெறும் ஒன்பது, ஐம்பது வருடம் முடிந்திருந்தால் இந்தக் குளியலறைச் சிமென்ட் தரைக்கு ஒரு பதிவு எண், வரைபடம், புகைப்படம் எல்லாம் கிடைக்கும், முடியாததால் குப்பை, தொல்லியல் கணக்கெடுப்பு விதி அப்படி. தரை ஈரமாக இருந்தபோது எவனோ ஆணியால் கீறிய தேதி மட்டும் இல்லாவிட்டால்... பூட்ஸால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டேன், படிவத்தில் கட்டப்பட்ட ஆண்டு காலியாக இருக்கிறது, ஐம்பதைத் தாண்டும்படி சுமார் 1970 என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இந்த கலிபோர்னியா வெயிலில் கர்டிஸ் வண்டிக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஹாரன் அடிக்கிறான், என் மேலாளர், பெயருக்குத் தொல்லியலாளன், இங்கே நானூறு வீடு கட்டப்போகிறவர்களின் கையாள். "என்னம்மா பட்டதாரி, குளியலறை முன்னாடி தவமா? நாளைக்கு இடிக்கிற மெஷின் வருது. பழசு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, சாப்பிடப் போலாம்." இவன் தாத்தாவின் பண்ணை வீடென்றால் கதவுக் கைப்பிடி வரை அளந்திருப்பான். இது கூலி முகாம், மெக்சிகோவிலிருந்து பீச் பழம் பறிக்க வந்த நாற்பது குடும்பத்துக்கு ஒரே குளியலறை, என் அம்மா ஒஃபேலியா வளர்ந்த இடம். எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் காலேஜ் போனதே எங்களை எவனும் குப்பையென்று எழுதக் கூடாது என்றுதானே? எழுதப்போவது யார் இப்போது, நான்தான், சம்பளத்துக்கு.

அம்மாவுக்குப் போன் போட்டேன், அதே இடத்தில் இதற்கு முன்னால் பழைய கட்டடம் ஏதாவது இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லட்டும், பொய் பாதியாகிவிடும். "அந்தக் குளியலறையா? இன்னுமா இருக்கு அது?" தரை மட்டும்தான், நாளைக்கு மெஷின் வைத்து உடைக்கப் போகிறார்கள், நான் தடுக்கப் பார்க்கிறேன் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன், வெட்கக்கேடு. அம்மா அந்தப் பக்கம் குழாயை மூடினாள். "தடுக்கிறியா? பலகை இடுக்குல கண்ண வச்சுப் பாப்பான்டி அந்த மேஸ்திரி. பன்னெண்டு வயசு எனக்கு. பொம்பளைங்க அத்தன பேரும் துணியோடதான் குளிச்சோம். அதுக்கு வேலி போட்டு போர்டு வைக்கப் போறியா, படிச்சவளே?" இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை... அதற்குள் அம்மாவே முந்திக்கொண்டாள். "மெஷின் எத்தன மணிக்கு? சொல்லு, லீவு போட்டுட்டு வரேன். கண்ணால பாக்கணும்."

மறுபடி ஹாரன். கர்டிஸுக்கும் அம்மாவுக்கும் வேண்டியது ஒன்றேதான், எனக்கு மட்டும்தான் இது இருக்க வேண்டும், அம்மாவுக்காக என்றல்லவா இவ்வளவு நேரம்... "காலையில ஏழு மணிக்கும்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் உறைத்தது, படிவத்தில் நான் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை.