இடப்பக்கத்து வார்த்தைகள்

பொன்னுமணிக்கு நாற்பத்தெட்டு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். எல்லாம் மனுஷக் குணத்தைச் சொல்கிற வார்த்தைகள். போடி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இன்டர்வியூ கைடில் இரண்டு வரிசையாக அச்சடித்திருந்தான். இடப்பக்கம் நல்ல குணம், வலப்பக்கம் கெட்ட குணம். டிலிஜென்ட் என்றால் உழைப்பாளி. ஸ்க்ரூபுலஸ் என்றால் நேர்மையில் ஒரு நூல் பிசகாதவர். ரெசிலியன்ட் என்றால் விழுந்தாலும் எழுந்து நிற்பவர். அந்தப் பக்கம் டிஃபிடென்ட், தன் மேலேயே நம்பிக்கை இல்லாதவர். கன்சீட்டட், தலைக்கனம் பிடித்தவர். பத்து நாளாக அடுப்படியிலும் ஓடைக்கரையிலும் முணுமுணுத்து அத்தனையையும் மண்டையில் ஏற்றிவிட்டாள். பயம் மட்டும் இம்மிகூடக் குறையவில்லை.

பயப்படாமல் எப்படி இருப்பாள்? அவள் அப்பா மொக்கச்சாமி, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கிற கங்காணி. எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில், நிழல் மரம் கவாத்து வெட்டும்போது கிளை தலையில் விழுந்து போய்ச் சேர்ந்தார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு வேலை பார்க்கிறவனுக்குத்தான். வேலையாள் பதிவில் பேர் இல்லாத குடும்பம் ஆனி மாதக் கடைசியில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான். கீழே அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தோட்ட வேலைக்குப் புதுப் பேர் ஏற்றக் கூடாதென்று கம்பெனி உத்தரவு. காலியாகக் கிடந்தது ஆபீசில் ஒரே ஒரு குமாஸ்தா வேலை. எஸ்எஸ்எல்சியும் டைப்பும் முடித்தவள் என்பதால் பொன்னுமணி அதற்கு மனுப் போட்டிருந்தாள். கிடைத்தால் வீடு தங்கும், கிடைக்காவிட்டால் தாயும் மகளும் தெருவில் நிற்க வேண்டும்.

மானேஜர் கொச்சிப் பக்கத்து ஆள், தமிழ் வராது. 'உன்னைப் பற்றிச் சொல்' என்றுதான் முதலில் கேட்பார் என்று கைடு சொன்னது. உடனே இடப்பக்கத்திலிருந்து ஐந்தாறு வார்த்தையை எடுத்து, நான் இப்படிப்பட்டவள் என்று தயங்காமல் அடித்துவிட வேண்டுமாம். அங்கேதான் அவளுக்கு இடித்தது. அவர்கள் குடும்பத்தில் தன்னைத் தானே நல்லவன் என்று யாரும் சொல்லிக்கொண்டது கிடையாது. சரம் சரமாகக் காய் பிடித்திருந்தாலும் 'என்னமோ கெடக்கு' என்பார்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் 'சோத்துக்கில்லாத பய' என்பார்கள். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண்ணுபட்டுவிடும் என்பது அங்கே சோறு தண்ணீர் மாதிரி சாதாரண சங்கதி.

ஆயுசில் ஒரே ஒரு தடவை மொக்கச்சாமி அதை மீறினார். டீக்கடையில் எவனோ உசுப்பிவிட, நாற்பது ஆளை வைத்து வேலை வாங்க இந்த மலையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று மீசையைத் தடவிக்கொண்டார். மூன்றாம் நாள் கிளை விழுந்தது. பொன்னுமணி படித்த பெண்தான், மூடநம்பிக்கை ஒழிக என்று கட்டுரை எழுதி மார்க்கு வாங்கியவள்தான். இருந்தும் என்ன, அந்த மூன்றாம் நாள் அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

கிளம்பும்போது அவள் அம்மா கருத்தம்மாள் திருநீறு பூசிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளும் ஒரு காலத்தில் காய் எடுத்தவள்தான். மூச்சிழுப்பு வந்து நாலு வருஷமாயிற்று, அதிலிருந்து வேலைக்குப் போவதில்லை. மஞ்சு, அந்த மலைப்பனி, இறங்கினால் பத்து எட்டுகூட எடுத்து வைக்க மாட்டாள்.

"பதவிசாப் பேசு தாயி. ஒன் வாயால ஒன்னய ஒசத்திச் சொல்லிப்புடாத. ஒங்கப்பன் சொன்னது போதும்" என்றாள்.

ஆபீசில் மானேஜரும், போன மாதம்தான் வந்து சேர்ந்த பெரிய கிளார்க் ராஜாராமும் உட்கார்ந்திருந்தார்கள். கைடு சொன்னது சொன்னபடி, மானேஜர் அதே கேள்வியைக் கேட்டார். டிலிஜென்ட் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கை விளங்காமல் போய்விட்டால்? ரெசிலியன்ட் என்று சொல்லி, மேலே எதுவும் வந்து விழுந்துவிட்டால்? பாவம், தலைக்கு மேலிருந்த ஓட்டுக் கூரையை ஒரு தடவை அண்ணாந்துகூடப் பார்த்துக்கொண்டாள். மானேஜர் மறுபடி கேட்டார். சட்டென்று வலப்பக்கத்துக்குத் தாவினாள். ஐ ஆம் டிஃபிடென்ட் சார், என்றாள். டிமிட் என்றாள், பயந்தவள். ஆப்ஸ்டினேட் என்றாள், பிடிவாதக்காரி. ராஜாராம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மானேஜர் கெட்ட மனுஷன் இல்லை. இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, ஆனால் வியாபாரிகளிடமும் லோடு ஏற்றுகிற ஆட்களிடமும் மல்லுக்கட்டுகிற வேலை இது, தன்னையே நம்பாத பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது என்று பக்குவமாகத்தான் சொன்னார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா என்றாள். அம்மா எப்படிப்பட்டவர் என்றார்.

அவ்வளவுதான். பத்து நாளாக அடைத்து வைத்திருந்த இடப்பக்கம் முழுவதும் மடை திறந்த மாதிரி வந்தது. அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால் வீட்டையாவது விட்டு வைப்பாரோ என்று ஒரு நப்பாசை. டிலிஜென்ட், ஸ்க்ரூபுலஸ், ரெசிலியன்ட் எல்லாம் போக, நாலு நாள் முக்கி முக்கிப் படித்த இன்டிஃபேட்டிகபிள்கூட வந்துவிட்டது. சோர்வு என்றால் என்னவென்றே அறியாதவர் என்று அர்த்தம். சொன்ன பிறகுதான், அம்மாவை வாய்விட்டு உசத்திவிட்டோமே என்று அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

இந்த அம்மாள் முன்னே இங்கே வேலை பார்த்ததுண்டா என்று மானேஜர் ராஜாராமிடம் கேட்டார். அவர் பழைய பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஒங்கம்மா பேரு இதுல இருக்கு. பழைய ஆளத் திரும்பச் சேத்துக்கிறலாம், உத்தரவுல தடையில்ல. நாளைக்குக் காலையில மேக்காட்டுக்குக் காய் எடுக்க வரச் சொல்லு. வீடு ஒங்களுக்குத்தான்."

அம்மாவுக்குப் பதில் நான் போகலாமா என்று கேட்டுப் பார்த்தாள். பேர் யாருடையதோ ஆளும் அவர்தான் என்றார்கள். இழுப்பைச் சொல்லலாம். சொன்னால் வீடு போகும், அம்மா கீழே எந்த மரத்தடியில் படுப்பாள்? வாயைத் திறந்தாள். தேங்க்யூ சார் என்றுதான் வந்தது.

மறுநாள் விடிந்தபோது மஞ்சு வாசல் வரை இறங்கிக் கிடந்தது. கருத்தம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காய் போடுகிற கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று ஒரு கிலி வந்தது, மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, கூப்புட்டு வேல குடுக்குற அளவுக்கு என்னயப் பத்தி அந்த ஆளுட்ட என்னத்தச் சொன்ன?"

"நல்லதா ஒரு வார்த்த சொல்லலம்மா. கெஞ்சித்தான் கேட்டேன்."

கருத்தம்மாள் முகம் தெளிந்துவிட்டது. "அப்பன்னா எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். மூன்றாவது வீட்டைத் தாண்டும்போதே மஞ்சு அவளை மறைத்துவிட்டது. இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னுமணி கதவைப் பிடித்தபடி, அது கேட்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள். அது நின்ற பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது.