எட்டடி மயில்

மயிலின் கழுத்து பிரிண்டரை விட்டு வெளியே வரும்போதே ஏதோ சரியில்லை என்று கோகிலவாணிக்குப் பட்டது. வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய கோடு, படிப்படியாக உடைந்து இறங்கியது. மிஷினை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே படிகள்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருந்த அந்த ஸ்டிக்கர் கடை, அவள் கணவன் சந்திரசேகர் நடத்தியது. வண்டிகளுக்கான பேர், குதிரை, மயில் எல்லாம் அவனே வரைவான். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் அவள் கடையைத் திறந்தாள். கல்யாணத்துக்கு முன் ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்களின் முகப்பருவை அழித்துப் பழகியவளுக்கு போட்டோஷாப் ஒன்றுதான் தெரியும். அவன் வரைந்தவற்றை அதிலேயே திறந்து, நிறம் மாற்றி, நம்பர் மாற்றி, அதே பேரில் சேமித்தாள். கதவில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்களில் குறை எதுவும் தெரியவில்லை. அவன் வேலை நின்றுபோகவில்லை என்றுகூட ஒரு ஆறுதல் இருந்தது.

லாரிக்காரர் அருணகிரி வந்து கேட்கும்வரை.

"ஏனுங்க அம்மிணி, பழைய வண்டில சேகரு போட்ட மயிலு இருக்குதுங்களே, அதையே புது முட்டை வண்டிக்குப் பின்கதவு முழுக்கப் போட்டுக் குடுங்க. எட்டடி."

மயிலின் கழுத்து உடைந்து வந்ததும் மிஷினை நிறுத்திய கையோடு, சந்திரசேகரோடு தொழில் பழகிய ஜெரால்டுக்கு, சேலத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் கோடா வரைஞ்சு வெச்சிருந்தாரு. கோடு எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாது. போட்டோஷாப்ல தொறந்தா அத்தனையும் புள்ளியாயிரும். அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டீங்களா?"

"ஆமாங்க தம்பி."

"வேற காப்பி?"

"இல்லீங்க."

"அப்ப அந்தக் கோடு இனி கெடைக்காதுங்க அண்ணி."

போனை வைத்துவிட்டு ஃபைல்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். அவன் போன நாளுக்குப் பின் தேதி விழுந்தவை எல்லாம் அவள் கை பட்டவை. நாற்பத்தொன்று. எல்லாமே ஆட்கள் விரும்பிக் கேட்டு வாங்கியவை. யாரும் கேட்காதவை மட்டும் அவன் வைத்தபடியே இருந்தன. வெளியே வெல்டிங் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அருணகிரியிடம் மறைக்காமல் சொன்னாள். "நாந்தானுங்ணா கெடுத்துப்போட்டேன். ஜெரால்டு புதுசா வரைஞ்சு தாரேங்கறாரு."

அவர் உடைந்த கழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"வேற ஆளு வரைஞ்சா அது வேற மயிலுங்க அம்மிணி. இதையே ஒட்டுங்க."

சோப்புத்தண்ணி தெளித்து, காற்றுக்குமிழ்களைத் தள்ளி, இரண்டு கதவிலுமாக அவளே ஒட்டி முடித்தாள். தோகையின் ஒவ்வொரு கண்ணும் பல்பல்லாக, சின்னச் சின்னக் கட்டங்களாக அவள் முகத்துக்கு நேரே நின்றது. அருணகிரி ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பட்டறை வாசலில், ஈரக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி பெட்ரோல் பங்கைத் தாண்டியது. படிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பாலத்தில் ஏறும்போது கழுத்து ஒரே வீச்சாக வளைந்து, தோகை முழுசாக விரிந்து, வெயிலில் மின்னிக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போனது.